நோம்பு நாளில் யார் ருசி பார்த்தது?

இந்தாங்க புள்ளைகள், கொஞ்சம் கிட்ட வந்து இரிங்க. தலைக்குச் சீலை, கைக்கு உறை எல்லாம் தந்தாங்கதானே? நல்லம். மாங்காய் எந்த அளவில வெட்டுற, சீனி எத்தின கோப்பை, போத்தலை எப்பிடி அவிச்சு எடுக்கிற எண்டெல்லாம் சுவரில எழுதிக் கொளுவியிரிக்கி. வாசிங்க. அதை இன்னொருக்கா ஒப்புவிக்க நான் வரல்ல. நாளையில இருந்து நான் இந்தச் சட்னிக் குசினிக்கு வாறதில்ல. என்ட முழங்கால் ரெண்டும் எனக்கு முந்தியே ஓய்வெடுத்திட்டு. அதால, சுவரில எழுத ஏலாத ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போறன்.

சட்னி கிண்டுறது பெரிய வித்தையில்ல. இந்தக் கல்முனையில கிண்டத் தெரியாத பொம்புள யாரு? போத்தலுக்குள்ள போட்டு மூடி, கண் காணாத ஊருக்கு அனுப்புறதுதான் வேற கதை. வீட்டில ஒரு கறி பிழைச்சா புருசன் முகத்தைச் சுழிப்பார், நீங்க ரெண்டு கதை கேப்பிங்க, திருப்பி மூண்டு கதை குடுப்பிங்க, முடிஞ்சு. போத்தல் பிழைச்சா யாரோ ஒருத்தர்ர புள்ளைக்கு வயித்துக்குள்ள போயிரும். மன்னிப்புக் கேக்க நீங்க அங்க நிக்கவும் மாட்டிங்க.

முதல்ல ஒரு சின்னக் கதை சொல்றன். இந்தக் குசினி தொடங்கின புதுசில, கல்முனைக்குடியில ஒரு வலீமா. கலியாண விருந்தெண்டா தெரியும்தானே, பெரிய தட்டு சஹனைச் சுத்தி ஆறு பேரா இருந்து சாப்பிடுற. புரியாணி வந்திட்டு. சஹனுக்கு ஒண்டா எங்கட ஈத்தம்பழச் சட்னிப் போத்தலும் வச்சாச்சு. மாப்பிள்ளையிட மாமா மூடியைத் திருகினார். புஸ்! மூடி எங்கயோ பறந்திட்டு, சட்னி அவர்ர வெள்ளச் சட்டையில. எல்லாரும் சிரிக்கிறாங்க, மாமாவும் சேந்து சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரல்ல. மூடி பொங்கிப் பறந்தா உள்ளுக்கு இருக்கிறது பழுதாகத் தொடங்கிட்டு எண்டு அர்த்தம். அது மழைக்காலம், போத்தல் எங்கயோ சரியாக் காயாம இருந்திரிக்கி.

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு ஆம்புளையள்ர பந்தலுக்குள்ளயே போனன். "ஒருத்தரும் தொட வேணாம், தாங்க" எண்டு சஹன் சஹனாப் போய் எல்லாப் போத்தலையும் பறிச்சுப் பெட்டியில போட்டுக்கொண்டு வந்தன். என்ட கூடப் பிறந்த மூத்த காக்கா, "மானத்தை வாங்காத, வெளிய போ" எண்டு பல்லைக் கடிச்சார். மானம் ஒண்டும் போகல்ல புள்ளைகள். அடுத்த கலியாண மாசத்தில எங்களைத் தேடி வந்த ஆக்களுக்குச் செஞ்சு குடுத்து முடியல்ல. 'பிழையெண்டா அவளே வந்து எடுத்துக்கொண்டு போயிருவாள்' எண்டு ஊரில ஒரு பேர் கிளம்பிட்டு. இந்தக் குசினி அந்தப் பேரிலதான் நிக்கிது.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வாறன்.

எங்களோட ரமீஸா எண்டு ஒருத்தி வேலை செஞ்சா. புருசன் மௌத்தாப் போய் விதவையா நிண்டா. ஒரு பொம்புளப் புள்ள, பால்பல் விழுற வயசு. எங்கட ஊரில பொம்புளப் புள்ள பிறந்தா அவள்ர கலியாணத்துக்கெண்டு ஒரு வீடு எழும்பணும், உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்ல. ரமீஸாட வீட்டுக்குச் சுவர் எழும்பிட்டு, கூரை இல்ல. மாரிக்கு மாரி அந்தச் சுவர் நனைஞ்சுகொண்டு நிண்டிச்சு. எங்களுக்கு அப்ப கலியாணக் காலத்தில மட்டும்தான் வேலை, மிச்ச மாசமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற. வேற வழி தெரியாம அவ சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போக எழுதி, பாஸ்போட்டையும் ஏஜென்சிக்காரனிட்ட குடுத்திட்டா. "பெருநாள் கழிய வாறன், ஆயத்தமா இரிங்க" எண்டு அவன் சொல்லிப்போட்டான். புள்ளையை மாமியிட்ட விடுறதாக் கதை. கதைக்கிற நேரம் ரமீஸா சிரிச்சுச் சிரிச்சுத்தான் கதைப்பா. உம்மாவும் மகளும் ஒரு பாயில படுக்கிற ஆக்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். அந்தச் சிரிப்பைப் பாக்க ஏலாம நான் அடுப்புப் பக்கம் திரும்பிருவன்.

அந்த நேரத்திலதான் கொழும்பில ஒரு பெரிய கடையால போன் கோல் வந்த. பெருநாளுக்கு மாங்காய்ச் சட்னி அனுப்பட்டாம். சனம் விரும்பினா மாசா மாசம் எடுப்பாங்களாம். மாசா மாசம்! நான் போனை வச்சிட்டு ரமீஸாவைத்தான் பாத்தன். அவ வெட்டிக்கொண்டு நிண்ட மாங்காயைக் கீழ வச்சிட்டு, கையைத் துடைச்சிட்டு, திரும்ப எடுத்து வெட்டினா. வேலை மாசா மாசம் இருந்தா அவ போகத் தேவையில்ல. எங்க எல்லாருக்கும் அது விளங்கிட்டு.

இப்ப நோம்பு மாசத்தில சட்னி கிண்டுறதில ஒரு இடக்கு இரிக்கி. எல்லாரும் நோம்பு. வாயில வைக்க ஏலா. சமைக்கிற ஆள் நுனி நாக்கில வச்சுப் பாத்துத் துப்பினாப் பரவாயில்லையாம் எண்டு மௌலவி சொல்லியிரிக்கார்தான். ஆனா எங்கட பொம்புளையள்ர மனசு விடாது. அதோட, நுனி நாக்கு உப்பைச் சொல்லும். சட்னியிட புளிப்பும் இனிப்பும் காரமும் ஒண்டை ஒண்டு பிடிச்சிரிக்கா எண்டு தொண்டைதான் சொல்லும். இப்ப உங்களுக்குப் புளிப்புப் பாக்கிற தாள் இரிக்கி, நிறம் மாறினாத் தெரியும். அப்ப எங்களிட்ட அந்தத் தாளும் இல்ல. வாசம், நிறம், கொதிக்கிற சத்தம், அகப்பையால இழுத்தாப் பெரிய அண்டாக் கிடாரத்துக்குள்ள விழுற கோடு. இதுகளை நம்பித்தான் கிண்டின.

வியாழக்கிழமை ரெண்டு கிடாரம் ஏத்தினம். நான் ரெண்டுக்கும் நடுவில ஓடித்திரிஞ்சன். மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொன்ன நேரம், யன்னலடிக் கிடாரத்தில நிண்ட ரமீஸா அகப்பையை ஜெஸ்மினிட்டக் குடுத்திட்டுத் தொழப் போனா. ஜெஸ்மின் அப்ப புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ள, வாய் திறந்தாக் காத்துக்கூட வெளிய வராது. ரமீஸா திரும்பி வந்து அகப்பையை வாங்கினா. பின்னேரம் எல்லாத்தையும் போத்தலில அடைச்சு, மூடி இறுக்கி, ரெண்டு கிடாரத்துப் போத்தலையும் ஒண்டா அடுக்கி வச்சிட்டு நோம்பு திறக்க வீட்ட போனம். பாக்க அவ்வளவு வடிவு! வெளிச்சம் பட்டா உள்ளுக்கு மாங்காய்த் துண்டெல்லாம் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில போத்தல் துடைச்சு லேபல் ஒட்டுறம். சவளக்கடை மில்லில அரிசி ஏத்திக்கொண்டு கொழும்புக்குப் போற லொறி வந்து வாசல்ல நிக்கிது. அதிலதான் எங்கட பெட்டியும் போகணும். ரமீஸா என்னட்ட வந்து மெல்லமாக் கேட்டா:

"ராத்தா, நேத்து உங்களுக்குக் கண் எரிஞ்சதா?"

"எரியாம? வினாகிரி கொதிச்சா எரியும்தானே."

"யன்னலடிக் கிடாரத்திலயும் எரிஞ்சதா?"

நான் துடைச்சுக்கொண்டு நிண்ட துணி கையிலயே நிண்டிட்டு. மத்தக் கிடாரத்தில எரிஞ்சது ஞாபகம் இரிக்கி. முக்காட்டால மூக்கைப் பொத்தினதும் ஞாபகம். யன்னலடியில... கடல் காத்து அடிச்சது, அதால எரியல்ல எண்டு நினைச்சிருப்பன். இல்லாட்டி நினைக்கவே இல்ல.

"நான் தொழப் போக முந்தி வினாகிரி விடல்ல" எண்டா ரமீஸா. "ஜெஸ்மின் விட்டிருப்பாள் எண்டு இருந்திட்டன்."

ஜெஸ்மின் முகம் சுண்ணாம்பு. "நீங்க விட்டிட்டுத்தான் தந்தீங்க எண்டு நினைச்சன் ராத்தா..."

வினாகிரி எண்டா ருசிக்கு மட்டுமில்ல, தெரியும்தானே. அது இல்லாட்டி மாசக்கணக்கில கடைத் தட்டில இருக்கிற சட்னிக்குக் காவல் இல்ல. எந்தப் போத்தல் எந்தக் கிடாரத்தது எண்டும் தெரியா. எல்லாம் ஒரே நிறம்.

சித்தி பாரிசா, எங்களில நல்லாக் கணக்குப் பாக்கிற மனுசி, கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா: "பாதி நல்லதுதானே. மத்தப் பாதியிலயும் சீனி கூடத்தானே இரிக்கி. பெருநாள் வரைக்கும் தாங்கும். இப்ப திறந்தா லொறி போயிரும், லொறி போனாக் கொழும்புக் கடை ஓடர் போயிரும். பொறகு இவள்ர கெதி?" எண்டு ரமீஸாவைக் காட்டினா. அவ கெட்ட மனசோட சொல்லல்ல புள்ளைகள். ரமீஸாவில இருக்கிற இரக்கத்திலதான் சொன்னா. பிழையான முடிவெல்லாம் இப்பிடி நல்ல முகத்தோடதான் வரும்.

நான் வாய் திறக்க முந்தி ரமீஸா கதைச்சா. "திறங்க ராத்தா. எல்லாத்தையும் திறங்க. நான் போறதெண்டாப் போறன். ஆரும் ஒரு புள்ளைக்கு வயித்தால அடிக்கிற சட்னியை அனுப்பிப்போட்டு, இஞ்ச என்ட புள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு படுக்க எனக்கு ஏலா."

பொறகு என்ன கதை இரிக்கி? திறந்தம்.

ரெண்டு கிடாரத்திலயும் திரும்பக் கொட்டி, விட்டுப்போன வினாகிரியை விட்டுக் கொதிக்க வைக்கலாம். மூடி திருகினாத் திரும்பப் பாவிக்க ஏலா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கெண்டு வாங்கி வச்ச புது மூடி இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனா எந்தக் கிடாரத்துக்குள்ள எவ்வளவு நல்லது விழுந்தது, எவ்வளவு வினாகிரி இல்லாதது விழுந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? சமனா ஊத்தினா ஒண்டு பச்சைப் புளிப்பு, ஒண்டு வெறும் சீனிப் பாணி. ஒரு வாய் வேணும். விழுங்குற வாய்.

பாண்டிருப்பில இருந்து எங்களுக்கு மாங்காய் தாற பரமேஸ் அக்காக்குப் போன் கோல் எடுத்தன். ஓட்டோ பிடிச்சு ஓடி வந்தா பாவம், நெத்தியில திருநீறோட. கரண்டியில சட்னி அள்ளி நீட்டினன். அவ ஒரு அடி பின்னுக்குப் போனா.

"ஐயோ புள்ள, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லே. எனக்கும் விரதம்!"

எனக்கு அழுகிறதா சிரிக்கிறதா எண்டு தெரியல்ல. முழுக் கல்முனையிலயும் ஒரு வாய் கிடைக்கல்ல.

அப்பதான் எனக்கு மூளையில அடிச்சது. ஒரு குசினி நிறையப் பொம்புளையள் நிக்கிறம். மாசத்தில சில நாள் எங்களுக்குத் தொழுகையும் இல்ல, நோம்பும் இல்ல. எனக்கு அந்த வயசு போயிட்டு. ஆனா இத்தின பேரில ஒருத்திக்காவது இண்டைக்கு நோம்பில்லாம இருக்கணுமே? நேத்தும் இருந்திருக்கணுமே? அப்ப நேத்து ஏன் ஒருத்தியும் ருசி பாக்கல்ல? நான் ஏன் கேக்கல்ல? கேக்கிற பழக்கம் எங்களிட்ட இல்ல. "ருசி பாத்தியா?" எண்டு கேட்டா "உனக்கு நோம்பில்லையா?" எண்டு கேட்ட மாதிரி. அதை உம்மாக்கும் மகளுக்கும் நடுவிலயே வாய்விட்டுக் கதைக்க மாட்டம். ஒவ்வொருத்தியும் மத்தவள் பாத்திருப்பாள் எண்டு நினைச்சுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிண்டிரிக்கம்.

லொறிக்கார காக்கா பள்ளிக்கு ஜும்மாத் தொழப் போயிட்டார். தெருவில ஒரு ஆம்புள இல்ல. நான் நடுக் குசினியில நிண்டு சத்தமாக் கேட்டன்: "யாருக்கு இண்டைக்குத் தொழுகையில்ல? சொல்லுங்க!"

எல்லாரும் குனிஞ்சு கிடாரத்தைப் பாத்தாங்க. சித்தி பாரிசா, "என்ன கதை கா இது, வெக்கமில்லாம" எண்டு முணுமுணுத்தா.

"வெக்கப்பட்டுத்தான் ரெண்டு கிடாரத்தைக் கெடுத்திரிக்கம். இனியும் வெக்கப்படுறதெண்டாப் படுங்க. ரமீஸா சவூதிக்குப் பெட்டி கட்டட்டும்" எண்டு கத்தினன். ஓம், கத்தினன். எனக்குக் கோபம் வந்தா மெல்லக் கதைக்கத் தெரியா.

ஜெஸ்மின் நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு, ராத்தா."

"நேத்து?"

"நேத்தும்தான்."

"அப்ப அகப்பை உன்ட கையில இருந்த நேரம் ஒரு சொட்டு வாயில வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்குமே புள்ள?"

"எல்லாரும் நிண்டாங்க. நான் வாயில வச்சா விளங்கிருமே எண்டு... தண்ணி கூடக் குடிக்கல்ல ராத்தா. வீட்ட போய்த்தான் குடிச்சன்."

என்ட கோபமெல்லாம் எங்க போச்சோ தெரியா. அந்த வெயில்ல, அடுப்பு வெக்கையில, பகல் முழுக்கத் தண்ணி இல்லாம நிண்டிரிக்காள். அவள்ர தலையைப் பிடிச்சு நெஞ்சோட அணைச்சன். "அல்லாஹ்வே விட்டுத் தந்ததை நீ எங்களுக்குப் பயந்து பிடிச்சிரிக்காயே மகள்" எண்டன். அவள் அழுதாள். அவள் அழ, போத்தல் கழுவிக்கொண்டு நிண்ட இன்னொருத்தி பின்னால இருந்து, "எனக்கும்தான் ராத்தா, முந்தநாள்ல இருந்து. பசியில கண் இருட்டுது" எண்டாள். குசினியே விழுந்து விழுந்து சிரிச்சது. ருசி பாக்க ரெண்டு வாய், ரெண்டும் சட்னிக் கிடாரத்துக்குப் பக்கத்தில பட்டினி!

முதல்ல ரெண்டு பேருக்கும் தண்ணி குடுத்தன். எல்லாருக்கும் முன்னால வச்சுக் குடிங்க எண்டன், குடிச்சாங்க. பொறகுதான் கரண்டி குடுத்தன்.

ஜெஸ்மின்ட நாக்கைப் பாக்கணுமே! வாய் திறக்காத புள்ள, அண்டைக்கு அதிகாரிதான். "இதுக்கு இன்னும் ரெண்டு கோப்பை விடுங்க." "போதும், போதும், நிப்பாட்டுங்க." "இதில காரம் பின்னால வருது, இஞ்சி கொஞ்சம் போடுங்க." நான் வினாகிரிக் கோப்பையோட பின்னால ஓடுறன். பரமேஸ் அக்கா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு போத்தல் அவிக்கிறா. ரமீஸா யன்னலடிக் கிடாரத்தை விட்டு அசையல்ல. வினாகிரி கொதிச்சு ஆவி கிளம்பின நேரம் எங்க எல்லாருக்கும் கண் எரிஞ்சு தண்ணி ஊத்திச்சு. "எரியுதா?" எண்டு ரமீஸா கேட்டா. "எரியுது!" எண்டு எல்லாரும் கத்தினம். அவ்வளவு சந்தோசமா எனக்கு ஒருநாளும் கண் எரிஞ்சதில்ல.

ஜும்மா முடிஞ்சு வந்த லொறிக்காரர் வாசல்ல நிண்டு குதிக்கிறார். "ராத்தா, அரிசிக்காரன் என்னைக் கொல்லப்போறான், நான் போறன்." "ஒரு பெட்டி ஏத்தாமப் போனா நான் உங்களைக் கொல்லுவன், இரிங்க காக்கா" எண்டன். பின்னேரத் தொழுகை அசரும் முடிஞ்சது. கடைசிப் பெட்டியைக் கட்டின நேரம் பள்ளியில மஃரிபுக்குப் பாங்கு சொல்லிட்டாங்க. ஈத்தம்பழச் சட்னிக்கு வாங்கி மிஞ்சின பேரீச்சம்பழத்தை எடுத்து லொறியடியிலயே எல்லாருமா நோம்பு திறந்தம். காக்காக்கு ஒரு போத்தல் சட்னியும் பாண் ரொட்டியும் குடுத்தன். மனுசன் வழிச்சு நக்கிப்போட்டு, கோபத்தையெல்லாம் மறந்து, "இது கொழும்புக்குப் போகத்தான் வேணுமா?" எண்டு கேட்டார்.

லொறி போச்சு. பொறகு எங்களுக்குச் சோதனைதான். ஒரு கோலும் இல்ல, ஒரு கதையும் இல்ல. ரமீஸா பெருநாளுக்கு மகளுக்குச் சட்டை தைச்சா. சவூதிக்குக் கொண்டுபோற பையையும் தைச்சா. நான் ரெண்டையும் பாத்துக்கொண்டு போனைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

பெருநாள் பிறை கண்ட பின்னேரம் போன் அடிச்சது. கடைக்காரர் ஸலாம் சொல்லி, பெருநாள் வாழ்த்துச் சொல்லி, ஊர் மழையெல்லாம் விசாரிச்சார். நான் பொறுமை கெட்டு, "சட்னி என்ன மாதிரித் தம்பி?" எண்டன். "தட்டில ஒரு போத்தல் இல்ல ராத்தா. சனம் வந்து கேட்டுத் தொந்தரவு. அடுத்த மாசம் ரெண்டு மடங்கு ஏலுமா?" எண்டார். நான் செருப்புப் போடாமலே ரமீஸா வீட்ட ஓடினன். முழங்கால் அப்ப நல்லம்.

பெருநாள் கழிஞ்சு ஏஜென்சிக்காரன் வந்தான். ரமீஸா அவனை இருத்தி, வட்டலாப்பம் குடுத்து, தேத்தண்ணி குடுத்து, ஆறுதலாச் சொன்னா: "தம்பி, என்ட பாஸ்போட்டைத் தாங்க. எனக்கு இஞ்சயே வேலை இரிக்கி." அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். போற நேரம் சட்னி ரெண்டு போத்தல் வாங்கிக்கொண்டுதான் போனான், அதுவேற கதை. அடுத்த மாரி வர முந்தி அந்தச் சுவருக்குக் கூரை ஏறிட்டு.

கதவுக்குப் பின்னால ஆணியில ஒரு சின்னக் கரண்டி தொங்குது, கண்டிங்களா? அண்டைக்கு ஜெஸ்மின் பிடிச்ச கரண்டி. நோம்பு மாசம் வந்தா, அண்டைக்கு நோம்பில்லாதவள் அதை எடுத்து இடுப்பில சொருகிக்கொள்ளணும். ஒருத்தியும் ஏன் எண்டு கேக்கிறதில்ல. தண்ணி, சாப்பாடு எல்லாம் அவளுக்கு உள் அறையில ஆயத்தமா இரிக்கும். கரண்டி பிடிச்சவள் வேணாம் எண்டா வேணாம்தான். நானே இறக்கச் சொன்ன கிடாரத்தை ஜெஸ்மின் எத்தின தரம் திரும்ப ஏத்த வச்சிரிக்காள் தெரியுமா? எனக்குக் கோபம் வரும். ஆனா அவள்தான் சரியா இருப்பாள்.

அந்தா, உள்ளுக்கு இருந்து உங்களைக் கூப்பிடுறா, கேக்குதா? அவதான் ரமீஸா. இனி உங்களுக்கு எல்லாம் அவதான். அவட மகளுக்கு வாற மாசம் நிக்காஹ், சஹன் சஹனுக்கு எங்கட சட்னிதான், வேலை தலைக்கு மேல கிடக்கு. எழும்புங்க. ஒண்டை மட்டும் மறக்க வேணாம்: ஒவ்வொரு கிடாரமும் இறக்க முந்தி அவ சத்தம் போட்டுக் கேப்பா, "யார் ருசி பாத்த?" எண்டு. பாத்தவள் கையைத் தூக்கி, தெருவுக்குக் கேக்கிற மாதிரி "நான்தான்!" எண்டு சொல்லணும்.